யுன்னான் காசுக்கு ஒரு சிவப்புச் சீட்டு

1987 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கத்தை விட இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்து வைத்தோம். திருமுல்லைவாயலிலிருந்து சைக்கிளில் கிளம்பி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வழியாக மண்ணூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது முதல் ஷிப்டு சங்கு இன்னும் ஊதவில்லை. செருப்பை வாசலில் விட்டு அளவு பார்க்கும் கேஜ் ரூமுக்குள் நுழைந்தேன். உள்ளே இருபது டிகிரி, சரியாக இருந்தது. மட்டமாக இழைத்த கருங்கல் சர்ஃபேஸ் பிளேட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மைக்ரோமீட்டர்கள் பூஜ்ஜியத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டர் ரிங்குகளை வரிசையாக எடுத்து வைத்தேன். இரவு ஷிப்டில் ஓடிய ஷாஃப்டுகளில் ஏழுக்குச் சிவப்புச் சீட்டு. மதியம் எலுமிச்சை சாதம், அப்பளம்.

அன்றைய டைரியில் இதற்குக் கீழே ஒரு வரிதான் இருக்கிறது: "டர்னர் செல்வம் யுன்னான் கொண்டுவந்தான்."

கம்பெனியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அம்பத்தூரில் நாணயம் சேகரிக்கும் பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். போன மாதம் உள்ளங்கை அளவில் ஓர் எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வந்திருந்தார்கள். காசை வைத்தால் எண் எரிகிறது. எண் புத்தகத்தோடு ஒத்துப்போனால் அசல், போகாவிட்டால் போலி. ஒரு காசுக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. "நீங்க எல்லாம் அந்தக் காலத்துல எப்படி சார் பார்த்தீங்க? சீனாக்காசு உங்களுக்கு எங்கே கிடைச்சுது?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ. பிறகு ஒரு வருடம் அப்ரெண்டிஸ், அரம் பிடித்தே கை காய்த்தது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடமும் அளவு பார்க்கிற வேலைதான். மோட்டார் பம்புக்கு வேண்டிய ஷாஃப்டுகளைக் கடைந்து அனுப்பும் கம்பெனி அது. கடைசல் பட்டறையில் முடிந்த ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில உருப்படிகள் எங்கள் அறைக்கு வரும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, திருத்த முடியுமானால் மஞ்சள், ஆகாவிட்டால் சிவப்பு. சீட்டை மெல்லிய கம்பியால் உருப்படியிலேயே கட்டிவிடுவோம். கட்டினவர் கையெழுத்து அதில் இருக்கும். ஒருவர் கட்டின சீட்டை இன்னொருவர் அவிழ்க்கக் கூடாது. பொது மேலாளரே வந்து நின்றாலும் இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்கள் ஃபோர்மேன் வரதராஜன் சார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட அரைக்கை சட்டை, அறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கெட்டுப்போன உருப்படியைப் பார்த்து "மோசம்" என்று சொல்ல மாட்டார். "இது நமக்கு வேண்டாம்" என்பார், கல்யாணத்துக்கு வந்த ஜாதகத்தைத் திருப்பித் தருவது போல. சந்தோஷமாக இருந்தால் எங்களை "டேய்" என்பார். கோபம் வந்தால் "சார்" போடுவார். என்னோடு வேலை பார்த்த ஏழுமலை, மண்ணூர்பேட்டையிலேயே நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, அடிக்கடி சொல்வான்: "அவரு டேய்னா நெஞ்சு குளுந்து பூடும்பா. சார்னாருன்னு வெச்சிக்கோ, அன்னிக்கி சோறு எறங்காது."

சீனக் காசுப் பைத்தியம் சாரிடமிருந்துதான் எங்களுக்குத் தொற்றியது. அவருடைய வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு பினாங்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெரிய வெள்ளிக்காசு ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாராம். ஒரு பக்கம் சீன எழுத்து, மறுபக்கம் சுருண்ட டிராகன், அதைச் சுற்றி ஆங்கிலத்தில் குவாங்துங் மாகாணம் என்று இருந்தது. பிறகு ஒருநாள் பர்மா பஜாரில் அதே போல இன்னொன்றைப் பார்த்து வாங்கினார். அது ஹூபே மாகாணம். இரண்டும் ஒரே பேரரசர் காலம், ஒரே மதிப்பு. ஆனால் இரண்டு டிராகனுக்கும் முகம் வேறு, மீசை வேறு, செதில் வேறு. நூறு வருடத்துக்கு முன் சீனாவில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக நாணயச்சாலை வைத்து, தானே அச்சு வெட்டி அடித்துக்கொண்டது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம்.

அளவு பார்க்கிறவர் மனசு இதை எப்படித் தாங்கும்? சார் இரண்டு காசையும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் முன்னால் வைத்தார்.

"ஒரே டிராயிங்டா. செஞ்சு குடுத்த வெண்டார் ரெண்டு. பாரு எப்படி அடிச்சிருக்கானுங்கன்னு."

ஏழுமலை எட்டிப் பார்த்தான். "அப்பிடியே நம்ம எஸ்டேட்டு மாரியே கீது சார்."

அன்று ஆரம்பித்தது. எஸ்டேட்டில் யார் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ ஆள் வந்தாலும் எங்களுக்குத் தகவல் வந்துவிடும். பெட்டியடியில் கிடந்த காசு, பிள்ளை விளையாடிய காசு, ஓட்டை போட்டு அரைஞாணில் கட்டியிருந்த காசு எல்லாம் வந்தது. கிரின் மாகாணத்துக் காசு ஒன்றில் ஆங்கில வார்த்தையே தப்பாகப் பொறித்திருந்தது. சார் அன்று முழுக்க "டிராயிங்கே தப்புடா!" என்று குதூகலமாக இருந்தார். எங்களில் யாருக்கும் சீனம் தெரியாது. எழுத்தை உருவத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டோம். ஒருபக்கம் சரிந்த கொட்டகை போல இருந்தால் குவாங்துங். கூரைக்குக் கீழே நான்கு மழைத்துளி இருந்தால் யுன்னான். தச்சரிடம் சொல்லி சார் ஒரு தேக்குப் பெட்டி செய்தார். கேஜ் வைக்கிற பெட்டி போலவே பச்சைத் துணி ஒட்டி, காசுக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு மாகாணப் பெயர். யுன்னான் பள்ளம் மட்டும் வருடக்கணக்கில் காலியாக இருந்தது.

சத்தம் கேட்டு வெள்ளி பார்க்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஏழுமலை ஒருநாள் ஹூபே காசைச் சர்ஃபேஸ் பிளேட்டின் மேலேயே போட்டுவிட்டான். கணீரென்றது. அந்தக் கல்லின் மேல் ஈரத் துணியைக் கூட வைக்க விடமாட்டார் சார்.

"ஏழுமலை சார்," என்றார். "உங்க வீட்டுக் கண்ணாடி மேல கல்லு போட்டுப் பார்ப்பீங்களா சார்?"

அன்று மதியம் ஏழுமலை டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். குவாங்துங் காசு ஒன்றில் டிராகனின் வயிற்றில் சின்னதாக ஓர் அடி விழுந்திருந்தது. அடிபட்ட மால் என்று ஒதுக்கி வைத்தோம். குமணன்சாவடியில் பல் வைத்தியம் பார்த்த சீனர் ஒருவரிடம் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனபோது காசையும் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது அடி இல்லே தம்பி. முத்திரை. கடைக்காரன் போட்டது. 'நான் பார்த்துட்டேன், நல்ல வெள்ளி'ன்னு அர்த்தம்."

வாயில் பஞ்சோடு வந்து இதைச் சொன்னேன். சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு முத்திரை உண்டு. அளவு பார்த்த ஷாஃப்டின் முனையில் அடிப்போம். "அப்போ அவனும் இன்ஸ்பெக்டர்டா! கஸ்டமர் எண்ட்ல இன்ஸ்பெக்ஷன்!" என்றார். அந்தக் காசு பெட்டிக்குள் மரியாதையான இடத்துக்குப் போனது.

இனி யுன்னான் விஷயம்.

செல்வம் பட்டாபிராம்காரன். எங்கள் கடைசல் பட்டறையில் நல்ல கை உள்ள டர்னர், வயது இருபத்திமூன்றோ நான்கோ. அவனைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவனுடைய அம்மா கண்ணம்மா பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தாராம். மாண்டலேயில் அவருடைய அப்பா டீக்கடை வைத்திருந்தார். யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி மலை இறங்கி வரும் சீன வியாபாரி ஒருவர் அந்தக் கடையில்தான் தங்குவார். கண்ணம்மா கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது ஒரு வெள்ளிக்காசு. நாட்டை விட்டு வரும்போது நகை நட்டெல்லாம் போய்விட்டது. குழந்தையின் துணிக்குள் வைத்துத் தைத்த அந்தக் காசு மட்டும் வந்து சேர்ந்தது. பட்டாபிராம் வீட்டில் சாமி மாடத்தில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தார். டிராகன் அவருக்கு நாகாத்தம்மன்.

அந்த வருடம் தை மாதம் பேரனுக்குக் காது குத்தினார்கள். கண்ணம்மா காசைத் தட்டில் வைத்து, மாண்டலே கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த மருமகன் தனபால் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான்.

"அத்தே, இந்தக் கதைய எத்தினி வாட்டி சொல்லுவே? சீனாக்காரன் உங்கப்பாருக்கு நல்லா டுபாக்கூர் குத்திட்டுப் போயிக்கிறான். தகரம் அது."

கண்ணம்மா தட்டைக் கீழே வைத்தாராம். "எம்புள்ள கம்பெனியில முடியைப் பொளந்து அளக்கற ஆளுங்க இருக்காங்க. அங்க காட்டறேன். பொய்யின்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் அது என் மாடத்துல இருக்காது. நானும் மாண்டலேன்னு வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?"

அப்படித்தான் பிப்ரவரி 9 மதியம் செல்வம் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தான். சபதத்தையும் ஒளிக்காமல் சொன்னான்.

முடிச்சை அவிழ்த்ததும் பளீரென்றது. நேற்று அடித்த காசு போல மின்னியது. நான்கு மழைத்துளி எழுத்து மங்கலாகத் தெரிந்தது. டிராகன் உடம்பில் செதிலே இல்லை. மழமழவென்று விலாங்கு மீன் போல இருந்தது. சார் கை நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் பரபரப்பாக இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

முறைப்படி செய்தோம். முதலில் காசைத் துடைத்து சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் மெதுவாக வைத்து அரைமணி காத்திருந்தோம். கைச்சூடு ஏறிய உலோகம் கொஞ்சம் விரிந்திருக்கும். அறையின் குளிர்ச்சிக்கு அது வந்த பிறகுதான் தொட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க யுன்னான் காசு எங்களிடம் இல்லை. குவாங்துங் காசை மாஸ்டராக வைத்துக்கொண்டோம். முதல் அளவு, கனம், அதாவது காசின் தடிமன். நான் மைக்ரோமீட்டரைப் பிடித்தேன். நான்கு இடத்தில் பார்த்தேன். நான்கிலும் குறைவு. சாதாரணக் குறைவு இல்லை, பார்த்தவுடன் உதட்டைப் பிதுக்குகிற குறைவு.

எங்கள் அறையில் ஒரு விதி இருந்தது. முதல் அளவிலேயே உருப்படி தவறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஷாஃப்டின் விட்டம் குறைந்தால் அதன் நீளத்தை அளந்து என்ன பயன்? நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிற இடத்தில் நியாயமான விதி. அதனால் எடை போடவில்லை. வேறு எதையும் பார்க்கவில்லை.

ஏழுமலை என் காதில் சொல்வது போல எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "சார், அந்தம்மா இன்னா விக்கவா போவுது? மாடத்துல தானே கீது. பாஸ் பண்ணி வுட்டுடுங்க சார்."

"ஏழுமலை சார்," என்றார் ஃபோர்மேன். ஏழுமலை வாயை மூடிக்கொண்டான்.

யுன்னான் காசுக்கு அவ்வளவு நாள் ஏங்கியவர் அவர். அது அசலாக இருக்க வேண்டும் என்று அந்த அறையில் அவரை விட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் கிடையாது. ஆசைப்பட்டதாலேயே தன்னைச் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறேன். "செல்வம், இது நமக்கு வேண்டாம்ப்பா," என்றார். பிறகு ஷாஃப்டுக்குச் செய்வதையே செய்தார். சிவப்புச் சீட்டை எடுத்து, "யுன்னான் - கனம் குறைவு - உருவம் தெளிவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காசைச் சின்னத் துணிப்பையில் போட்டு, பையின் நாடாவில் சீட்டைக் கம்பியால் கட்டினார். அவருக்கு அது ஒரு பழக்கம். எனக்கும் அப்போது அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

செல்வம் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனான். கண்ணம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. எழுதியிருந்ததைத் தனபால் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான்.

அடுத்த வாரம் செல்வம் கடைந்த ஷாஃப்டுகள் எங்கள் மேஜையில் சிவப்புச் சீட்டோடு குவிய ஆரம்பித்தன. அவன் மிஷினுக்குப் போய் விசாரித்தேன்.

"இன்னா சார் பண்ண சொல்றீங்க? அம்மா காசை மாடத்துலேர்ந்து எறக்கி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டாங்க. வெள்ளிக்கெழம வெளக்கு கூட ஏத்தல. யாரு கிட்டயும் பேசறதில்ல. மச்சான் தான் ஒருத்தரு ஊட்டுல பேசிக்கினே கீறாரு."

சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அளவு அளவுதானேடா," என்றார். ஆனால் டேய் என்றதில் வழக்கமான சந்தோஷம் இல்லை.

பிப்ரவரி 19, வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்ததும் வாசல் காவலாளி ஓடி வந்தார். கேஜ் ரூம் பெரியவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாராம். போனோம். காவல் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் நீலப் புடவை கட்டின ஓர் அம்மா. கையில் அந்தத் துணிப்பை, அதில் சிவப்புச் சீட்டு. பக்கத்தில் செல்வம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நீங்க தான் சீட்டு கட்டினவரா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா ஊட்டுல பத்து வருஷம் சோறு தின்ன மனுசன். மழையில கழுதை உருண்டு செத்தப்ப எங்கப்பா மேல சாஞ்சி அழுதவரு. அவரு எனக்குப் பொய்க்காசு குடுத்தாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மிஷின் சொல்லிச்சா, நீங்க சொன்னீங்களா? அத மட்டும் எனக்குச் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

கனம் குறைவு என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று சார் தேடிக்கொண்டிருந்தார். ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து காசை எடுத்து வெயிலில் காட்டினான்.

"கோச்சிக்காத ஆயா. காசு இன்னாமா பளபளன்னு கீது பாரு. புதுசு மாரி. அதாங் சாருக்கு டவுட்டு."

"யாருடா ஆயா? உன் தலையில பாதி முடியைக் காணோம், நீ என்னை ஆயான்றியா?" என்றார் கண்ணம்மா. "பளபளன்னு தான் இருக்கும். வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டு, செங்கப்பொடி போட்டு நான் தேய்க்கற தேய்ப்பு அப்பிடி. அம்மன அழுக்கா வெச்சிருப்பனா?"

சார் நிமிர்ந்தார். "என்னம்மா சொன்னீங்க? எதைப் போட்டு?"

"செங்கப்பொடி. சலிச்ச பொடி."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆன வாரத்துலேர்ந்து. கப்பல்ல வந்த வெள்ளிக்கெழம மட்டும் தேய்க்கல. புளி கெடைக்கல."

சார் பெஞ்சில் அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன், அவர் என்னுடைய முகத்தைப் பார்த்தார். வருடம் முழுக்க ஷாஃப்டைக் கல்லில் உரசி உரசித் தேய்ப்பதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு காசை முப்பது வருடத்துக்கு மேல் செங்கல் பொடியில் தேய்த்தால் கனம் குறையும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அறைக்கு வரும் உருப்படி எதுவும் அதற்கு முன் வாழ்ந்தது கிடையாது. மிஷினிலிருந்து நேராக வரும். அதனால் இந்தக் கேள்வி எங்கள் மனதில் எழவே இல்லை.

"அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. காசு இன்னிக்கி ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும். சாயங்காலம் நானே வீட்டுக்குக் கொண்டு வரேன். எப்படி இருந்தாலும் நேர்ல சொல்றேன்."

கண்ணம்மா யோசித்துவிட்டுப் பையைக் கொடுத்தார்.

மறுபடி பார்ப்பதற்கு முன் சீட்டை அவிழ்க்கவில்லை. முடிவு தெரியாமல் அவிழ்க்கக் கூடாது. காசை மட்டும் வெளியே எடுத்தோம். இந்த முறை சார் விதியை ஓரமாக வைத்தார். "கனத்தை மறந்துடுடா. மேடு தேயும், பள்ளம் தேயாது. விரல் போகாத இடமா பார்," என்றார்.

எங்களிடம் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் என்ற பெரிய கருவி இருந்தது. பொருளைக் கீழே வைத்து ஒளி விட்டால் அதன் உருவம் பல மடங்கு பெரிதாகக் கண்ணாடித் திரையில் விழும். யுன்னானை வைத்தேன். திரையில் டிராகனின் முதுகு வெறும் வெள்ளைத் திட்டு. மெதுவாக நகர்த்தினேன். நகங்களுக்கு நடுவில், புளியும் விரலும் நுழைய முடியாத சந்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அங்கே செதில் இருந்தது. மூன்றே மூன்று செதில், ஓரம் கூர்மையாக, உளியால் இப்போதுதான் வெட்டியது போல. எழுத்துகளின் உள்மூலைகளைப் பார்த்தோம். எல்லாம் கூர்மை. வார்ப்பில் ஊற்றிய போலியாக இருந்தால் பள்ளமும் மழுங்கியிருக்கும். காற்றுக்குமிழ் விட்ட ஊசித்துளைகளும் இருக்கும். இதில் எதுவும் இல்லை. விளிம்பில் வெட்டியிருந்த வரிகளின் அடியும் ஒழுங்காக இருந்தது.

அடுத்து வெள்ளியா என்று பார்க்க வேண்டும். மிஷின் துடைக்கும் காட்டன் வேஸ்டிலிருந்து ஏழுமலை ஒரு நூலை உருவிக் கொடுத்தான். காசைச் சாதாரணமாக ஒருமுறை நிறுத்தோம். பிறகு நூலில் கட்டி, டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். தண்ணீரில் எவ்வளவு எடை குறைகிறது என்பதை வைத்து உலோகம் எது என்று சொல்லிவிடலாம். தேய்ந்து இளைத்த காசானாலும் அந்தக் கணக்கு மாறாது. குவாங்துங்கையும் அதே போலச் செய்தோம். இரண்டுக்கும் வந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அசல்டா," என்றார். ஏழுமலை விசிலடித்தான். கேஜ் ரூமில் விசிலடித்ததற்கு யாரும் அவனைக் கேட்கவில்லை.

சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறினோம். சார், நான், ஏழுமலை, செல்வம். ஆவடியில் பாதிப் பெட்டி இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. சார் வழி முழுக்கச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். காசோடு கத்தரி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

செல்வத்தின் வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது. அக்கா, குழந்தைகள், அக்கம்பக்கம். தனபால் கதவோரம் கைகட்டி நின்றான். சார் வாசலில் செருப்பைக் கழற்றினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பையை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"இந்தச் சீட்டு நான் கட்டினது. தப்பாக் கட்டிட்டேன். கட்டினவன் தான் வெட்டணும்கிறது எங்க வழக்கம். அதுக்குத்தான் வந்தேன்."

கத்தரியால் கம்பியை வெட்டினார். சிவப்புச் சீட்டைக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பச்சைச் சீட்டில் "யுன்னான் - அசல்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கட்டி, கண்ணம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். "உங்க அப்பாவோட சிநேகிதர் குடுத்தது நல்ல காசும்மா. நூத்துக்கு நூறு."

கண்ணம்மா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தனபால் தொண்டையைச் செருமினான். "அப்போ சார், மொதல்ல ரெட்டு போட்டது?"

"அது என் தப்புங்க. காசு மேல இல்லே."

"நல்லாக் கேட்டுக்கோ மாப்ளே," என்றான் ஏழுமலை. "ரெண்டு வாட்டி படிச்சியாமே? இந்தப் பச்சையயும் ரெண்டு வாட்டி படி. ஒரக்கப் படி."

வீடே சிரித்தது. தனபால் படித்தான். மெதுவாகத்தான் படித்தான், ஆனால் இரண்டு முறை படித்தான்.

பிறகு எங்களுக்கு அத்தோ செய்து போட்டார்கள். நூடுல்ஸில் புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், வேர்க்கடலைப் பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்த பர்மாக்காரர்கள் பலகாரம். ஏழுமலை மூன்று தட்டு சாப்பிட்டான்.

கிளம்புவதற்கு முன் சார் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். அந்தக் காசின் மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். ஆனால் விலைக்குக் கேட்கவில்லை. "அம்மா, இனிமே புளியும் செங்கப்பொடியும் வேண்டாம். அதுல டிராகன், மன்னிச்சுக்கோங்க, அம்மன் தேய்ஞ்சுகிட்டே வருது. வெறும் தண்ணியில நனைச்சு மெல்லிசு துணியால ஒத்தி எடுத்தா போதும். செய்வீங்களா?"

கண்ணம்மா தலையை ஆட்டினார். தெரு முனை வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. கேஜ் ரூமைத் திறந்ததும் பிளேட்டைத் துடைப்பதற்குக் கூட சார் காத்திருக்கவில்லை. முதல் வேலையாகச் செல்வத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

"அம்மா காசை என்ன பண்ணினாங்க?"

செல்வம் என்னைப் பார்த்தான். "தேச்சாங்க சார்."

"தண்ணியிலயா?"

"புளி சார். அப்புறம் செங்கப்பொடி. எப்பவும் தேய்க்கறதுக்கு மேல இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தி. நானும் சொன்னேன் சார், சார் வேணாம்னாருல்லன்னு. 'அசலுன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு, அப்புறம் தேய்க்கறதுக்கு இன்னாடா பயம்'ன்றாங்க. பச்சை சீட்டுக்கும் குங்குமம் வெச்சி ஆணியில மாட்டிட்டாங்க."

ஏழுமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. சார் கண்ணை மூடித் திறந்தார்.

"பேசறாங்களா?"

"விடியகாலைலேர்ந்து நிறுத்தவே இல்ல சார். மாண்டலேலேர்ந்து ஆரம்பிச்சிட்டாங்க. மச்சான் டிபன் கூட சாப்பிடாம ஆறு மணி வண்டியப் புடிச்சிட்டாரு."

சார் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அந்த அறைக்குள் அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை. "சரி. இனிமே அந்தப் பீஸுக்கு அவங்கதான்டா இன்ஸ்பெக்டர். நீ போய் மிஷினைப் போடு," என்றார்.

செல்வம் ஓடினான். அரைமணியில் அவன் கடைந்த முதல் ஷாஃப்ட் எங்கள் மேஜைக்கு வந்தது. அளந்தேன். பச்சை.